எழுபது கிலோ

ஓசூரில் ஜிம்முக்கென்று தனி நேரம் கிடையாது. சிப்காட்டின் ஷிஃப்ட் நேரம்தான் ஜிம்மின் நேரம். விடியற்காலை ஐந்தரைக்கு ஜெனரல் ஷிஃப்ட்காரர்கள் வருவார்கள். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தண்டால் எடுப்பார்கள். ஏழு மணிக்கு நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் கண் சிவந்து, யூனிஃபார்மோடு படியேறுவார்கள். பத்து மணிக்கு செகண்ட் ஷிஃப்ட் போகிறவர்கள். மூன்று மணிக்கு மேல் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் விட்டு வருகிறவர்கள். இருட்டிய பிறகு கடைக்காரர்கள், எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து திரும்பும் ஐடி பையன்கள். பயிற்சியாளனுக்கு மிஞ்சுவது மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று. அந்த மூன்று மணி நேரத்துக்குள் நான் சமைக்க வேண்டும், சாப்பிட வேண்டும், என் உடற்பயிற்சியைச் செய்ய வேண்டும், கொஞ்சம் கண்ணயர வேண்டும்.

2019 நவம்பரில் நான் ஆணழகன் போட்டிக்குத் தயாராக ஆரம்பித்தபோது இருந்த நிலைமை இதுதான். ஜிம் சின்ன எலசகிரியில், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடி. நான் அங்கே சம்பளத்துக்கு மாஸ்டர். தனிப்பட்ட முறையில் சொல்லிக்கொடுக்கிற ஆட்களிடம் வாங்கும் கட்டணத்தில் பாதி ஓனருக்கு, பாதி எனக்கு. மாஸ்டர் ஆவதற்கு முன்னால் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் பெயின்ட் ஷாப்பில் நின்றவன். அதனால் படியேறி வருகிற எல்லோருடைய களைப்பும் எனக்குத் தெரிந்த களைப்பு.

அந்த வருடம் ஓசூருக்கு நல்ல வருடம் இல்லை. பிப்ரவரியில் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. ஆனால் ஊரைத் தூக்கி நிறுத்திய வாகனத் தொழில் படுத்துவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற வாகனப் புகை விதி வரப்போகிறது, அதற்கு முன்னால் வண்டி வாங்குவதா, வந்த பிறகு வாங்குவதா என்று நாடே யோசித்துக்கொண்டிருந்தது. லாரி விற்பனை சரிந்தது. கம்பெனிகள் 'நான்-ஒர்க்கிங் டே' என்று அறிவித்தன. பெரிய கம்பெனி ஒரு நாள் மூடினால், அதற்கு போல்ட் நட்டு செய்து கொடுக்கிற பேடரப்பள்ளி லேத் பட்டறைகள் ஒரு வாரம் மூடும். ஓவர்டைம் போனது. முதலில் நிறுத்தப்பட்ட செலவு ஜிம் ஃபீஸ். என்னிடம் தனியாகப் பயிற்சி எடுத்தவர்களில் பாதிப் பேர் 'அடுத்த மாசம் பாத்துக்கலாம் மாஸ்டர்' என்று நின்றுவிட்டார்கள். போட்டிக்கு நிற்கலாம் என்று முடிவெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். இந்தத் தொழிலில் பயிற்சியாளனின் உடம்புதான் அவன் கடையின் போர்டு. சான்றிதழ் கேட்கிறவர்கள் குறைவு. கையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த நவம்பரில் தென்கொரியாவின் ஜெஜு தீவில் நடந்த உலகப் போட்டியில் 90 கிலோ பிரிவில் வென்று, மொத்தப் பட்டமான மிஸ்டர் யுனிவர்ஸையும் சித்தரேஷ் நடேசன் கொண்டுவந்தார். கொச்சிக்காரர், டெல்லியில் ஒரு ஜிம்மில் பயிற்சியாளராக வேலை பார்த்துக்கொண்டே போட்டிக்குத் தயாரானவர். அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் எங்கள் ஜிம்முக்குள் வந்தபோது நைட் ஷிஃப்ட் ஆட்கள் பெஞ்ச் பிரஸ்ஸை விட்டுவிட்டு போனைச் சுற்றி நின்றார்கள். அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் நம் சென்னையைச் சேர்ந்த பாஸ்கரனுக்கு ஆணழகனுக்கான அர்ஜுனா விருது கிடைத்திருந்தது. 'அவரும் உங்களை மாதிரி மாஸ்டர்தானே மாஸ்டர்?' என்று ஒருவர் கேட்டார். ஜெஜுவுக்கும் சின்ன எலசகிரிக்கும் உள்ள தூரம் அவருக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் கேட்டார்.

கணக்கு சுலபம். என் எடை 78 கிலோ. உயரத்துக்கும் எலும்புக்கும் 70 கிலோ பிரிவில்தான் நிற்க முடியும். பிப்ரவரி மூன்றாம் வாரம் தர்மபுரிப் பக்கம் ஒரு மண்டபத்தில் போட்டி. வாரத்துக்கு அரை கிலோவுக்குச் சற்று மேல் இறங்க வேண்டும். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. அப்படியானால் தினமும் அறுநூறு எழுநூறு கலோரி குறைவாகச் சாப்பிட வேண்டும், அல்லது நடந்து தீர்க்க வேண்டும். அதைவிட வேகமாக இறக்கினால் கொழுப்போடு தசையும் போய்விடும். தசை போகாமல் இருக்க, ஒரு கிலோ உடல் எடைக்கு இரண்டு கிராமுக்கு மேல் புரதம். தாளில் எழுதினால் இவ்வளவுதான்.

புரதம் என்றால் எங்களுக்கு முட்டை. ஒரு வெள்ளைக்கருவில் மூன்றரை கிராம் சொச்சம். அரை ட்ரே, அதாவது பதினைந்து வெள்ளைக்கரு சாப்பிட்டால் ஐம்பதைத் தாண்டும். அதோடு முந்நூறு கிராம் கோழி நெஞ்சுக்கறி, ஒரு கைப்பிடி சோயா உருண்டை, ஒரு கரண்டி புரோட்டீன் பவுடர். பவுடரை மட்டும் நான் ஓசூரில் வாங்குவதில்லை. டப்பா ஒரிஜினலாகவும் மாவு டூப்ளிகேட்டாகவும் இருக்கிற சரக்கு ஊரில் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அதைக் குடித்துவிட்டு மூன்று நாள் வயிற்றோட்டம்.

மஞ்சள் கருவை என்ன செய்வது என்பது பெரிய பிரச்னை. வேக வைத்த முட்டையை இரண்டாகப் பிட்டு, கட்டைவிரலால் பின்பக்கம் அழுத்தினால் மஞ்சள் உருண்டை 'தொப்'பென்று கிண்ணத்தில் விழும். வெள்ளையில் ஒட்டியிருக்கிற தூளை விரலால் வழித்துப் போட வேண்டும். சாப்பாட்டு ஆசை ஏறிய கடைசி மாதத்தில், அந்த விரலை நக்காமல் கழுவுவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கிண்ணம் நிறைந்ததும் பக்கத்து அறைக்குப் போகும். அங்கே ஒடிசாவிலிருந்து வந்த ஐந்து பையன்கள், லோடிங் வேலை. வெங்காயம், பச்சை மிளகாய், கடுகெண்ணெய் போட்டு மஞ்சளை ஒரு பொரியல் செய்வார்கள். கடுகெண்ணெய் காயும் வாசனை வந்தால் நான் அறைக்கதவைச் சாத்திக்கொள்வேன்.

சோற்றுக்குப் பதில் ஓட்ஸ் என்று எல்லா டயட் சார்ட்டிலும் இருக்கும். நான் ராகி வைத்துக்கொண்டேன். காவேரிப்பட்டணம் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு களி தொண்டையில் இறங்குகிற மாதிரி ஓட்ஸ் இறங்காது. நூறு கிராம் ராகி மாவில் முந்நூற்றுச் சொச்சம் கலோரி, ஏழு கிராம் புரதம். கால்சியம் அரிசியைவிடப் பல மடங்கு. ஒரு உருண்டையை எடை போட்டு எடுத்துக்கொண்டால் பிற்பகல் வரைக்கும் வயிறு கேள்வி கேட்காது. எடை போடுவதற்கு நகைக்கடையில் வைத்திருப்பது மாதிரி ஒரு சின்ன மெஷின். அம்மா அதைப் பார்த்துவிட்டு, 'களிய நிறுத்துத் திங்கிற வம்சம் நம்மது இல்லடா' என்றாள்.

எடையைவிட முக்கியம் கொழுப்பு. அதற்கு ஒரு காலிப்பர் உண்டு. மார்பு, வயிறு, தொடை என்று மூன்று இடத்தில் தோலைக் கிள்ளி மடிப்பின் தடிமனை அளந்து, வயதைச் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டால் உடம்பில் எத்தனை சதவீதம் கொழுப்பு என்று வரும். 1978-ல் ஜாக்சன், பொல்லாக் என்ற இரண்டு பேர் ஆண்களுக்கு வகுத்த முறை. என்னுடையது இருநூற்றைம்பது ரூபாய் பிளாஸ்டிக். ஒரு நாள் தொடையைக் கிள்ளி அளந்துகொண்டிருந்தபோது டூல் ரூம் அண்ணன் பார்த்துவிட்டார். இருபது வருடமாக டை செய்கிறவர். வெர்னியர் காலிப்பரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே தூங்குவார் என்று கூட்டாளிகள் சொல்வார்கள்.

'என்னா மாஸ்டர் இது, லீஸ்ட் கவுண்ட் எவ்ளோ?'

'ஒரு மில்லிமீட்டர்ணா.'

'ஒரு மில்லியா! அத வெச்சி என்னாத்த அளக்கிறது?' கையில் வாங்கி, வாயைத் திறந்து மூடி, வெளிச்சத்தில் பார்த்தார். 'தாடை ஆடுது. இத எங்க இன்ஸ்பெக்ஷன்ல குடுத்தா ஸ்கிராப்ல போட்டுடுவாங்க.'

அதோடு விடவில்லை. வாரா வாரம் சனிக்கிழமை அவரே வந்து அளந்தார். ஒரே இடத்தில் மூன்று முறை கிள்ளி, சராசரி எடுத்து, ஷிஃப்ட் ரிப்போர்ட் எழுதுகிற மாதிரி ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினார். எங்கே கிள்ளுவது என்பதில் ஒரு விரல் தள்ளிப் போகக் கூடாது என்று பால்பாயின்ட் பேனாவால் தொடையில் புள்ளி வைத்தார். என் தயாரிப்பில் உருப்படியான அறிவியல் என்று ஒன்று இருந்தால் அது அந்த நோட்டுதான்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் விடியலில் பாகலூர் சாலையில் லாரியின் ஹெட்லைட்டே மங்கலாகத் தெரியும். கொழுப்பு குறையக் குறைய அந்தக் குளிர் எனக்கு வேறு குளிராக மாறியது. தோலுக்கு அடியில் இருந்த போர்வையை உருவிவிட்ட மாதிரி. வாரத்தில் நான்கு நாள் சந்திரசூடேஸ்வரர் மலைக்கு நடந்து ஏறுவேன். இரண்டு ஸ்வெட்டர், தலையில் மங்கி கேப். மேலே போய் நின்றால் ஒரு பக்கம் சிப்காட்டின் விளக்குகள், இன்னொரு பக்கம் கர்நாடகா. பல் கிட்டும். எதிரே வருகிற பெரியவர்கள், வாக்கிங் போகிற சர்க்கரைக்காரன் என்று நினைத்து, 'வெந்தயம் ஊறவெச்சி குடிப்பா' என்று வைத்தியம் சொன்னார்கள்.

சர்க்கரை என்ற சந்தேகம் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது உறுதியே ஆகிவிட்டது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், சட்டை தொளதொளவென்று இருந்தது. சட்டைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பெரியம்மா என் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, 'ரத்தம் டெஸ்ட் எடுத்தீங்களா?' என்று கேட்டாள். எருதுவிடும் விழாவுக்குப் போன இடத்தில் பள்ளிக்கூட நண்பன், 'கம்பெனில வேல போயிடுச்சாடா?' என்றான். அம்மா வெண்கலப் பானையில் சர்க்கரைப் பொங்கல் கிண்டி, நெய்யை ஊற்றி, என் முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தேன். அந்த ஒரு ஸ்பூனை அன்றைய கணக்கில் எழுதினேன். இப்போது நினைத்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. நல்லவேளை, போட்டி மாம்பழ சீசனில் இல்லை. மே மாதமாக இருந்திருந்தால் கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து ஒருவனும் மேடை ஏறியிருக்க மாட்டான்.

பசியோடு இருக்கிறவனுக்கு ஓசூரைவிடக் கொடுமையான ஊர் கிடையாது. மூன்று பாஷை பேசுகிற ஊர். மூன்றிலும் ஒருவரை ஒருவர் பார்த்ததும் கேட்பது சாப்பாட்டைத்தான். தமிழில் கேட்டுவிட்டுப் போனவருக்குப் பின்னாலேயே கன்னடக்காரர் 'ஊட்டா ஆய்த்தா?' என்பார். ஹார்டுவேர் கடைக்காரர் தெலுங்கில் விசாரிப்பார். மூன்று பேருக்கும் 'ஆச்சு' என்று பொய் சொல்லிவிட்டு மாடி ஏறுவேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வராது. போனில் பிரியாணி வீடியோ. தொன்னை பிரியாணி எப்படிச் செய்வது, ஆம்பூரில் எப்படிச் செய்கிறார்கள், திண்டுக்கல்லில் அரிசி ஏன் சின்னதாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாக. எனக்குத்தான் புத்தி கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு ஒரு விஷயம் படித்தேன். 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, தாமாக முன்வந்த 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்பது என்று தெரிந்துகொள்வதற்காக. எடையில் கால் பங்கு போன அந்த ஆட்கள் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்களாம். சிடுசிடுப்பு, குளிர், பெண்கள் மேல் ஆசையின்மை, எதிலும் நாட்டமின்மை என்று எழுதிவைத்திருப்பதெல்லாம் அப்படியே என் ஜனவரி மாதம். அந்த ஆட்களுக்கு ஒரு நியாயமான காரணமாவது இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜிம் லீவு. ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி போய், பஸ் மாறி, பெங்களூரில் ஒரு பெரியவரிடம் போஸ் கொடுக்கப் பழகினேன். ரிட்டயர்டு ஆனவர், பழைய ஆணழகன், காசு வாங்க மாட்டார். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கும்: கே.வி. ஐயர். இந்தப் பக்கத்தில் பார்பெல் தூக்குகிற எல்லோருக்கும் அவர்தான் ஆதி. 1930-களில் பெங்களூரில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தி, தபால் மூலமாகவே பாடம் அனுப்பி, சூரிய நமஸ்காரத்தையும் பார்பெல்லையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தவர். மைசூர் மகாராஜாவே அவரிடம் உடம்பைக் காட்டினார். அதே கை கன்னடத்தில் 'சாந்தலா' என்ற சரித்திர நாவலையும் எழுதியது. நம் பக்கத்தில் பயில்வானுக்கும் பேனாவுக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றும்.

போஸ் கொடுப்பது எடை தூக்குவதைவிடக் கஷ்டம். இதை மேடை ஏறாதவர்கள் நம்புவதில்லை. கட்டாய போஸ் ஏழு: ஃப்ரன்ட் டபுள் பைசெப்ஸ், ஃப்ரன்ட் லேட் ஸ்ப்ரெட், சைட் செஸ்ட், பேக் டபுள் பைசெப்ஸ், பேக் லேட் ஸ்ப்ரெட், சைட் ட்ரைசெப்ஸ், கடைசியாக வயிறும் தொடையும். கை மேலே போகும்போது கெண்டைக்காலும் இறுகியிருக்க வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டே மூச்சு விட வேண்டும். இதற்கெல்லாம் நடுவில் முகம் சாதாரணமாக இருக்க வேண்டும். பெரியவர் பின்னால் நின்று 'நகு, நகு' என்பார். சிரிக்க முயன்றால் தொடை தளரும். தொடையை இறுக்கினால் முகம் பிரசவ வலியில் போகும். ஒரு போஸை முப்பது விநாடி நிறுத்திப் பிடித்தால் டிசம்பர் குளிரிலும் வேர்வை சொட்டும்.

ஸ்டீராய்டு ஊசி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், அதைச் சொல்லாமல் ஆணழகன் போட்டியைப் பற்றி எழுதுவது பாதிப் பொய். 'கோர்ஸ் போடலையா?' என்பது ஜிம்மில் 'டீ குடிச்சியா' அளவுக்குச் சாதாரணமான கேள்வி. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள்தான். ஆனால் கேட்டால் கொண்டுவந்து தருகிற ஆட்கள் எல்லையின் இரண்டு பக்கமும் இருந்தார்கள். நான் போடவில்லை. அதை ஒரு தியாகமாகச் சொல்ல மாட்டேன். பெயின்ட் ஷாப்பில் இருந்த காலத்திலேயே ஈரலில் ஒரு கோளாறு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவன். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. நான் நின்ற மேடையில் யாரும் சிறுநீர் பரிசோதனை கேட்கவில்லை. பக்கத்தில் நிற்கிறவன் எதைப் போட்டிருக்கிறான் என்று தெரியாமல், தெரிந்தது போலவே நிற்க வேண்டியதுதான்.

பிப்ரவரி பிறந்தது. அந்தச் சமயத்தில் ஓசூர் முழுக்க ரோஜா. காதலர் தினத்துக்காக பசுமைக்குடில்களிலிருந்து தாஜ்மஹால் ரகச் சிவப்பு ரோஜா குளிரூட்டிய வண்டிகளில் பெங்களூர் விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. என் உடம்பும் அப்போது ஏறக்குறைய அதே நிலைமை; பறித்தாகிவிட்டது, வாடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். தொடையில் தசை நார் நாராகப் பிரிந்து தெரிந்தது. அடிவயிற்றில் நரம்பு. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே பயமாகவும் பெருமையாகவும் இருந்தது. டூல் ரூம் அண்ணன் நோட்டில் மூன்று அளவும் ஒற்றை இலக்கத்துக்கு வந்திருந்தது. ஜிம்மில் எல்லோரும் சட்டையைக் கழற்றச் சொல்லி போட்டோ எடுத்தார்கள்.

அந்த வாரம்தான் ஓனர் புது பிளேட்டுகள் வாங்கினார். லாரி வந்து கீழே நின்றது. எல்லாம் இருபது கிலோ பிளேட். மாடிக்கு ஏற்ற வேண்டும். வழக்கமாக நான் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். அன்று முதல் பிளேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினேன். நடுப்படியில் கண் இருட்டியது. பிளேட்டைப் படியில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். உட்காரவும் முடியவில்லை, பிட்டத்தில் கொழுப்பு கரைந்துவிட்டதால் சிமென்ட் படி எலும்பில் குத்தியது. பக்கத்து அறை ஒடிசாப் பையன்கள் நைட் லோடிங் முடித்துவிட்டு அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தார்கள். ஒருவன் இறங்கி வந்தான். ஐம்பத்தைந்து கிலோ கூட இருக்க மாட்டான். கையில் புடைப்பு கிடையாது, மார்பு தட்டை. தோளில் ஒரு துண்டைச் சும்மாடாகப் போட்டு, இரண்டு பிளேட்டை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். திரும்பி வரும்போது பல் தெரியச் சிரித்துக்கொண்டே, 'பாடி சூப்பர் மாஸ்டர். தாக்கத் எங்க?' என்றான். தாக்கத் என்றால் பலம். முழு லோடையும் அவனும் இன்னொருவனும் ஏற்றி முடித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் மாவுச்சத்து வேண்டும்.

ஆணழகன் போட்டியைப் பார்க்க வருகிறவர்களுக்கு இந்த விஷயம் தெரியாது. மேடையில் மலை மாதிரி நிற்கிறவன் அந்த வருடத்திலேயே மிகவும் பலவீனமாக இருக்கிற நாள் அது. உடம்பு அழகாகத் தெரிவதற்கும் உடம்பு ஒரு வேலைக்கு ஆவதற்கும் நடுவில் உள்ள தூரம் அன்றைக்கு உச்சத்தில் இருக்கும்.

கடைசி வாரத்தில் வேலை தண்ணீரோடு. உப்பை நிறுத்து, தண்ணீரை நிறுத்து, சிறுநீர் போக மாத்திரை போடு, தோல் காகிதம் மாதிரி ஆகும் என்பார்கள். 1992-ல் நெதர்லாந்தில் போட்டி முடிந்த சில மணி நேரத்தில் முகமது பெனாசிசா என்ற பெரிய வீரர் இறந்ததற்கு இந்த மாத்திரை விளையாட்டுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆபத்து ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கும் தப்பு. தசையில் முக்கால் பங்கு தண்ணீர். ஒரு கிராம் மாவுச்சத்தைத் தசை சேமித்து வைத்தால் கூடவே மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைக்கும். தண்ணீரை நிறுத்திவிட்டுத் தசை புடைக்க வேண்டும் என்றால் எப்படி? பெங்களூர் பெரியவர் இந்த விஷயத்தில் ஒரே வார்த்தைதான் சொன்னார்: குடி. வெள்ளி, சனி இரண்டு நாளும் களியும் சக்கரவள்ளிக் கிழங்கும் தாராளமாகச் சாப்பிட்டேன். களி அவ்வளவு ருசி என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்ததில்லை.

சனிக்கிழமை ராத்திரி தர்மபுரியில் லாட்ஜ். மேடைக்கு முன்னால் உடம்பு முழுக்க கறுப்புச் சாயம் பூச வேண்டும். 'நமக்கு எதுக்கு மாஸ்டர், ஏற்கெனவே கறுப்புதானே?' என்று கூட வந்த பையன் கேட்டான். மேடை விளக்கின் வெளிச்சம் எவ்வளவு கறுப்பான தோலையும் வெளுத்துத் தட்டையாகக் காட்டும். சாயம் சீராக இருந்தால்தான் தசைகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் நிழல் விழும். ஸ்பாஞ்சால் இரண்டு கோட்டிங். பெயின்ட் ஷாப் அனுபவம் அங்கே கைகொடுத்தது. வழிசல் இல்லாமல் பூசிக்கொண்ட ஒரே ஆள் அன்றைக்கு நானாகத்தான் இருப்பேன். லாட்ஜ் பெட்ஷீட்டில் படக் கூடாது என்று வீட்டிலிருந்து பழைய லுங்கிகள் கொண்டுபோயிருந்தேன்.

காலையில் எடை பார்த்தார்கள். 69 கிலோ 600 கிராம். பத்து மணிக்குப் போட்டி என்றார்கள். பதினொன்றரைக்கு எங்கள் பிரிவைக் கூப்பிடுகிறோம், தயாராகு என்றார்கள். மேடைக்குப் பின்னால் மண்டபத்தின் சமையலறையில் இருபது பேர் ரப்பர் கயிற்றை இழுத்து, தண்டால் எடுத்து, வெல்லத்தையும் கடலை மிட்டாயையும் வாயில் போட்டு ரத்தத்தைத் தசைக்கு ஏற்றினோம். எல்லோரும் புடைத்து, எண்ணெய் தடவி, பளபளவென்று வரிசையில் நின்றோம். அப்போது மைக்கில் அறிவிப்பு: சிறப்பு விருந்தினர் வந்துகொண்டிருக்கிறார். அவர் வந்துகொண்டே இருந்தார். ஏற்றிய ரத்தம் அரை மணி நேரம்கூட நிற்காது. எல்லோரும் வற்றிப்போய் அண்டா மேலும் அடுப்பு மேடை மேலும் உட்கார்ந்துவிட்டார்கள். சேலம் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு இரண்டு கெண்டைக்காலும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லையாம். அவன் போட்ட சத்தத்தில் சாம்பார் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த சமையல்காரர் ஓடிவந்து, நாங்கள் யாரும் யோசிப்பதற்குள் ஒரு சொம்பில் மோரும் கை நிறைய உப்பும் கலந்து அவன் வாயில் ஊற்றிவிட்டார். 'புள்ளைங்கள ஏன்டா இப்படி சாவடிக்கிறீங்க' என்று பொதுவாகத் திட்டிவிட்டு அண்டாவுக்குத் திரும்பிப் போனார். அந்தப் பையன் மேடையும் ஏறினான், என்னைவிட ஒரு இடம் முன்னாலும் வந்தான்.

சால்வை, மாலை, பொன்னாடை எல்லாம் முடிந்து எங்களைக் கூப்பிட்டபோது மணி ஒன்றே முக்கால். மேடையில் நான் இருந்தது எவ்வளவு நேரம் என்று தெரியாது. விளக்கு கண்ணில் அடித்ததும் கூட்டம் மறைந்துவிட்டது. நடுவர் போஸ் பெயர் சொல்வது மட்டும் கேட்டது. பேக் டபுள் பைசெப்ஸில் திரும்பியபோது பின்னாலிருந்து டூல் ரூம் அண்ணனின் குரல்: 'மாஸ்டர், லெஃப்ட் கால்!' கெண்டைக்காலை இறுக்க மறந்திருந்தேன். இறுக்கினேன். நான்காவது இடம். மூன்று இடத்துக்குத்தான் ஷீல்டு. எனக்கு லேமினேட் செய்த ஒரு சான்றிதழ், அதில் என் பெயரில் ஒரு எழுத்து பிழை.

திரும்பி வரும் வழியில் கிருஷ்ணகிரியில் இறங்கிச் சாப்பிட்ட பிரியாணியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். மறுநாள் கணுக்காலில் தண்ணீர் கோத்து ஷூ போட முடியவில்லை. பட்டினி கிடந்த உடம்பு கிடைத்த உப்பையும் தண்ணீரையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் 75 கிலோ. புடைப்பெல்லாம் மங்கி, முகத்தில் கன்னம் திரும்பி வந்தது. அம்மா போனில் வீடியோ காலில் பார்த்துவிட்டு, 'இப்பதான் மனுசன் மாதிரி இருக்க' என்றாள். பிளேட்டை மறுபடி கைக்கு ஒன்றாகப் பிடித்துப் படியேற முடிந்தது.

மார்ச் முதல் வாரம் டூல் ரூம் அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார். 'அடுத்த வருசம் நாப்பது வயசுக்கு மேல ஒரு பிரிவு இருக்காமே மாஸ்டர். நான் நிக்கலாமா?' செலவு எவ்வளவு என்று சொன்னேன். முட்டை, கோழி, பவுடர், சாயம், பெங்களூர் பஸ் என்று எல்லாவற்றையும் அவர் நோட்டிலேயே எழுதிக்கொண்டார். 'வீட்ல கேட்டுட்டு வாங்கண்ணா' என்றேன்.

இரண்டு நாள் கழித்து அந்த அண்ணியே படியேறி வந்துவிட்டார். மேலே வருவதற்குள் இரண்டு இடத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

'எடை கொறச்சா கோவம் நெறய வருமா மாஸ்டர்?'

'வரும்க்கா. கடைசி ரெண்டு மாசம் நெறையவே வரும்.'

'அப்ப வேணாம். இருக்கறதே போதும்.' சொல்லிவிட்டுப் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, முழங்காலை நீவிக்கொண்டே சுற்றிலும் பார்த்தார். 'படி ஏறுனா எனக்கு முட்டி வலிக்குது. அதுக்கு இங்க எதுனா இருக்கா?'

மதியம் பன்னிரண்டே கால், ஜிம் காலி. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழச் சொன்னேன். பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து.